மலையகத்து முற்றத்தில் தவிட்டுக்கொய்யா: விதை முதல் பழம் வரை முழுமையான வழிகாட்டி

தவிட்டுக்கொய்யா பட்டுப்போன வீடுகளில் நான் கேட்டது பெரும்பாலும் ஒரே கதைதான். அடுப்புச் சாம்பல் போட்டிருப்பார்கள், மாட்டெரு குவித்திருப்பார்கள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ரோஜாவுக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) செய்வதை அப்படியே இதற்கும் செய்தால் செடி தாங்காது. இது மலைச்சரிவின் புல்வெளியில், புளிப்பான, சத்துக் குறைந்த மண்ணில் முளைத்துப் பழகிய மரம். அதனால் முதலில் மண்ணும் இடமும், பிறகு விதை, கடைசியில்தான் பராமரிப்பு. இந்த வரிசை மாறினால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்டுவது கடினம்.

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளை, ஹப்புத்தளை போன்ற இடங்களில் சின்ன வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். முற்றம் சிறிதாக இருந்தாலும் போதும். இந்த மரம் நன்றாக வளர்ந்தாலும் 10 முதல் 13 அடிக்கு மேல் போவதில்லை. திறந்த புற்சரிவில் ஆள் உயரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

1. செடி அதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

இடத்துக்கு இடம் பெயர் மாறுவதால், நாற்று விற்பவரிடம் தாவரவியல் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்: ரோடோமிர்ட்டஸ் டொமென்டோசா. கொய்யா, நாவல் ஆகியவற்றின் குடும்பம்தான் இதுவும்.

இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாக இருக்கும். மேல்பக்கம் பளபளப்பான பச்சை, அடிப்பக்கம் விரலால் தடவினால் மெத்தென்று வெளிறிய பஞ்சு. அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். பூ ரோஸ் நிறம், 2.5 முதல் 3 செ.மீ அகலம், நடுவில் தூரிகை மாதிரி நிறைய மகரந்தத் தாள்கள். நாளாக ஆக இதழ் வெளிறும். அதனால் ஒரே கிளையில் கடும் ரோஸும் வெள்ளையும் கலந்து தெரியும். முற்றத்தில் வைக்க இந்த மரத்தை நான் சொல்வதற்கு அந்த அழகே போதுமான காரணம். பழம் 1 முதல் 1.5 செ.மீ. பழுத்தால் கருநீலம் கலந்த ஊதா. நுனியில் கொய்யாப்பழத்துக்கு இருப்பது போலப் புல்லிவட்டத்தின் கிரீடம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதியவர்கள் ஏமாறுவது அந்த மூன்று நரம்பைப் பார்த்துத்தான். சிங்களத்தில் போவிட்டியா என்று சொல்லும் செடிக்கும் அதே மாதிரி நரம்பு ஓடும், பூவும் ரோஸ் அல்லது ஊதாதான். ஆனால் அதன் காய் காய்ந்த சிறு குடுவையாகிவிடும், சதைப்பழம் வராது. அடியிலையில் பஞ்சும், காயில் சதையும், நுனியில் கிரீடமும் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே விதை எடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாழ்வான, மழை மிகுந்த பக்கங்களில் க்ளிடெமியா என்ற அந்நியச் செடி பரவியிருக்கிறது. அதற்கும் இலையில் நீள நரம்புகள், கருநீலப் பழம். இலை முழுக்க முரட்டு ரோமம், வெள்ளைப் பூ என்றால் அது க்ளிடெமியா. நாட்டுக் காடுகளை நெருக்கும் செடி அது. வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

2. இடத்தை முடிவு செய்தல்

குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். சவுக்கு மரத்தின் கீழே, லயன் (தோட்டக் குடியிருப்பு வரிசை) கூரையின் நிழலில், உயரமான மதிலுக்கு வடக்கே வைத்தால் செடி சாகாது. ஆனால் நெட்டையாக, ஒல்லியாக வெயிலைத் தேடி வளர்ந்து, பூவை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளும். பூவுக்காகத்தானே வைக்கிறோம்.

தண்ணீர் நிற்காத இடமாக இருக்க வேண்டும். நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை போய்ப் பாருங்கள். கால் புதைகிறதா, குழியில் நீர் தேங்கி நிற்கிறதா? அப்படியானால் வேறு இடம் தேடுங்கள். சரிவான இடம் இதற்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மழைநீர் ஓட வெட்டியிருக்கும் கானின் கரையை உடைத்துக் குழி தோண்டாதீர்கள். கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண்சரிவு அபாயமுள்ள நம் ஊர்களில் அது விளையாட்டுக் காரியமில்லை.

சீமெந்துச் சுவர், சுண்ணாம்பு அடித்த மதில், புதிதாகக் கட்டிய படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து 5 அல்லது 6 அடி தள்ளி வையுங்கள். மழை அந்தச் சுவரைக் கழுவி இறங்கும் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு மண்ணுக்குள் போகும். இந்த மரத்துக்கு முதல் எதிரி சுண்ணாம்பு.

நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால், தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. லயன் ஓரத்தில் ஆசையாக வளர்த்த மரத்தை நான்காம் வருடம், பூக்கும் நேரத்தில், பாதை அகலப்படுத்த வெட்டும்போது மனசு தாங்காது. அனுமதி உறுதியில்லாதவர்கள் பெரிய தொட்டியில் வளர்க்கலாம். ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள பிளாஸ்டிக் பரல் பாதி போதும், அடியில் ஏழெட்டு ஓட்டை போட வேண்டும். சீமெந்துத் தொட்டி மட்டும் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

3. மண்ணைச் சோதித்தல்: தாவிப் போகக் கூடாத படி

பலரும் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே விதைக்குப் போகிறார்கள். விதை முளைக்கவும் செய்யும், நாற்றும் அழகாக வரும். நிலத்தில் வைத்து ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகத் தொடங்கும்போதுதான் மண் ஞாபகம் வருகிறது.

தேவையான மண் தேயிலைக்கு ஏற்ற மண்தான்: பீஎச் 4.5 முதல் 5.5 வரை. பீஎச் என்பது புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 6 வரை சமாளிக்கும். அதைத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். இலை வெளுப்பது அதனால்தான். மலையகத்து மண் இயல்பாகவே புளிப்பு. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள மண் இயல்பான மண் இல்லை. வருடக்கணக்காக விறகடுப்புச் சாம்பல் கொட்டிய இடம், மரக்கறிப் பாத்திக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புத்தூள் போட்ட இடம், சீமெந்து குழைத்த இடம், முட்டைக்கோது புதைத்த இடம் என்று எல்லாமே சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்திருக்கும். கொல்லைப்புறத்திலேயே மிக வளமாகத் தெரியும் கறுப்பு மண்தான் பல வேளைகளில் இந்த மரத்துக்கு ஒத்துவராத மண்.

சோதிக்க எளிய வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஹைட்ரேஞ்சியா இருந்தால் அதன் பூவைப் பாருங்கள். நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, ரோஸாகப் பூத்தால் புளிப்புக் குறைவு. மானாப்புல்லும் கெக்கில என்ற பன்னமும் தானாக வளரும் மண் நல்ல மண். சந்தேகமான இடத்து மண்ணில் ஒரு கைப்பிடி காயவைத்து வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நுரைக்காவிட்டால் உடனே நல்ல மண் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பெரிய அளவில் சுண்ணாம்பு இல்லை என்று மட்டுமே பொருள். முடிந்தால் பீஎச் தாளோ கருவியோ கொண்டு ஒருமுறை பாருங்கள். சாம்பல் மேலேதான் கிடக்கும், வேர் கீழே போகும். எனவே மேல்மண்ணில் ஒரு தடவை, ஒரு அடி ஆழத்தில் ஒரு தடவை சோதிக்க வேண்டும்.

பீஎச் 6 முதல் 6.5 என்று வந்தால் சரிசெய்யலாம். ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம் அளவு கந்தகத்தூளைக் கொத்திக் கலந்து, மேலே இலைதழை மூடி இரண்டு மூன்று மாதம் விடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் கந்தகத்தை அமிலமாக மாற்றுகின்றன. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். தூவிய மறுவாரமே நட்டால் பலன் ஒன்றும் இருக்காது. 7க்கு மேல் என்றால் மண்ணோடு போராடாதீர்கள். தொட்டிக்குப் போய்விடுங்கள்.

4. பழம் சேகரித்தல்

காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவதை முதலில் மறந்துவிடுங்கள். ஆழமாகப் போன ஆணிவேர் அறுந்து பத்தில் ஒன்பது காய்ந்துவிடும். அதைவிட, ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா, ஹக்கல கடும் இயற்கை ஒதுக்கிடம் போன்ற இடங்களிலிருந்து செடியோ விதையோ எடுப்பது 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். ஒரே ஒரு பழம்தானே என்ற பேச்சு அங்கே செல்லாது, செல்லவும் கூடாது.

ஏற்கெனவே யாராவது வீட்டில் வளர்க்கும் மரம், அல்லது உரிமையாளர் அனுமதித்த தனியார் நிலத்துப் புதர், இவற்றிலிருந்து எடுங்கள். ஒரே மரத்தில் எடுக்காமல் மூன்று நான்கு மரங்களில் இரண்டிரண்டு பழம் எடுப்பது நல்லது. பல தாய் மரங்களின் விதை கலந்திருந்தால், ஒன்றுக்கு ஒத்துவராத இடத்தில் இன்னொன்று தாக்குப்பிடிக்கும்.

பழம் முழுக்க ஊதாவாகி, அழுத்தினால் குழையும் பதத்தில் இருக்க வேண்டும். பச்சையும் சிவப்பும் கலந்த காயைப் பறித்து வீட்டில் பழுக்க வைத்தால் நிறம் மாறும், உள்ளே விதை முற்றியிருக்காது. கொண்டைக்குருவிகள் கொத்தத் தொடங்கிய மரம் என்றால் பழம் தயார் என்று நம்பலாம்.

5. விதையைக் கழுவுதல்

ஒரு பழத்தில் நாற்பதுக்குக் குறையாமல் விதை இருக்கும். அத்தனையும் சின்னச் சின்னது. பழத்தை ஒரு கோப்பைத் தண்ணீரில் பிசைந்து, தேநீர் வடியில் ஊற்றி, சதை போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். சதை ஒட்டியிருந்தால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து விதையையும் சேர்த்து அழுகவைக்கும். முளைக்கவில்லை என்று வருத்தப்படுபவர்களில் பலர் பழத்தை அப்படியே மண்ணில் நசுக்கி வைத்தவர்கள்.

கழுவிய விதையைப் பத்திரிகைத் தாளில் பரப்பி நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அந்த வாரமே விதையுங்கள்.

பதியம், கிளைத்துண்டு பற்றியும் கேட்கிறார்கள். தேயிலையில் ஓரிலைத் துண்டு வைத்தால் வேர் பிடிக்கிறதே, இதுவும் பிடிக்காதா என்று. வீட்டு வசதியில் இதன் துண்டுகள் மிகக் குறைவாகத்தான் வேர்விடுகின்றன. இளநுனித் துண்டை வேர்த்தூண்டி மருந்தில் தொட்டு பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விதைதான் நம்பகமான வழி.

6. விதைப்பு

தேவையானவை: அடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, நன்றாக அலசிய தும்புத்தூள், ஆற்றுமணல், தேயிலை மலையோரத்து மேல்மண், ஒரு துண்டு பொலித்தீன், விசிறி போலத் தெளிக்கும் போத்தல்.

தும்புத்தூள், மணல், மேல்மண் மூன்றையும் சம அளவு கலந்து பெட்டியில் நிரப்புங்கள். கூட்டெரு, சாம்பல், உரம் எதுவும் வேண்டாம். முளைக்கும் விதைக்குச் சத்து தேவையில்லை. எருவில் வரும் பூஞ்சைதான் இளநாற்றைத் தண்டடியில் அழுகவைத்துச் சாய்க்கும். முதலில் கலவையை நனைத்துவிட்டு, பிறகு விதையைத் தூவி, மேலே தீப்பெட்டிக் குச்சியின் தடிப்பளவு மணல் மட்டும் போடுங்கள். விதைத்த பிறகு வாளியால் ஊற்றினால் எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

பெட்டியைப் பொலித்தீனால் மூடி, வெளிச்சம் உள்ள ஆனால் நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் வையுங்கள். தினமும் ஒரு தடவை திறந்து காற்று விடுங்கள். மேல்மணல் உலர்ந்தால் மட்டும் தெளியுங்கள்.

நான்கு முதல் எட்டு வாரத்தில் முளை தெரியும். நுவரெலியாக் குளிரில் இன்னும் தள்ளிப்போகும். இங்கேதான் பொறுமை வேண்டும். முளைத்த பிறகும் மாதக்கணக்கில் கடுகுச்செடி அளவுக்குத்தான் நிற்கும். வளரவில்லையே என்று யூரியாக் கரைசல் ஊற்றுவது, களை என்று நினைத்துப் பிடுங்கிப்போடுவது, பெட்டியையே கொட்டிவிட்டு அதில் கொத்தமல்லி போடுவது என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இந்தக் காலத்தில் அது வேரைத்தான் வளர்க்கிறது. பெட்டியின் மேல் விதைத்த தேதியை எழுதி வைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களும் கை வைக்க மாட்டார்கள்.

7. பைக்கு மாற்றுதல்

முதல் இரண்டு முளையிலைக்குப் பிறகு, இரண்டு சோடி உண்மையான இலை வந்ததும் மாற்றலாம். தேயிலை நாற்றுக்குப் பயன்படுத்தும் கறுப்புப் பை சரியான அளவு. அதற்கான மண்ணில் மூன்று பங்கு புளிப்பு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய இலைமண்.

ஐஸ்கிரீம் குச்சியால் மண்ணோடு கிளப்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கும். இலை ஒன்று போனால் இன்னொன்று வரும், தண்டு போனால் போனதுதான்.

முதல் மாதம் கெக்கிலத் தழை செருகி, அல்லது வலை கட்டி, பாதி நிழல் கொடுங்கள். அப்புறம் தழையை வாரம் வாரம் கொஞ்சம் குறைத்து, ஐந்தாறு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் இலை கருகிக் கொட்டும்.

விதைத்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் முக்கால் அடி உயரத்துக்கு வரும். நடுவதற்கு அது போதும். இன்னும் பெரிதாகட்டும் என்று பையிலேயே வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் சில வருடம் நன்றாக நின்று, பெரிய காற்றொன்றில் சாயும்.

8. நடவு: எந்தப் பக்கத்து மலை நீங்கள்?

மலையகம் முழுவதற்கும் ஒரே நடவுக் காலம் சொல்ல முடியாது. ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் தென்மேல் பருவமழை பெறும் மேற்குச் சரிவுகள். அங்கே மே கடைசி முதல் ஜூன், ஜூலை வரை நடலாம். மழை கொட்டித்தீர்க்கும் நாட்களை விட்டு, தூறல் நாளாகப் பாருங்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் அதே ஜூன், ஜூலையில் வறட்சியும் உலர்காற்றும். ஊவாவில் இருப்பவர்கள் ஒக்டோபர், நவம்பர் மழையோடு நடுங்கள். ஹற்றனில் இருக்கும் அக்கா ஜூனில் நட்டாள் என்று பண்டாரவளையில் இருக்கும் தங்கை அதே மாதம் நட்டால், செடி வேர்பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதேதான். களிமண் பாங்கான இடத்தில் மண்வெட்டி வெட்டிய பக்கச்சுவர் வழவழவென்று இறுகியிருக்கும், வேர் அதைத் துளைக்காமல் உள்ளேயே சுற்றும். அலவாங்கு முனையால் சுவரைக் கீறி முரடாக்கிவிடுங்கள். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள், அதோடு இரண்டு கைப்பிடி மக்கிய இலைமண் போதும். குழி நிறைய எரு போட்டால் எரு மக்கி இறங்கும்போது செடியும் குழிக்குள் இறங்கும், பிறகு தண்டடியில் நீர் நிற்கும்.

பையைக் கத்தியால் பக்கவாட்டில் கிழித்து எடுங்கள். அடியில் சுருண்ட வேர் இருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டிவிடலாம். தண்டும் வேரும் சந்திக்கும் இடம் நிலமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே இருக்கட்டும். மேற்குப் பக்கத்து மழைக்கு அந்த மேடு தேவை. ஊவாப் பக்கம் மேடு வேண்டாம், ஒரு அடி தள்ளி அரைவட்டக் கரை கட்டி மழைநீரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

தனி மரங்களுக்கு இடையே 7 அல்லது 8 அடி விடுங்கள். வேலியாக வளர்ப்பதானால் 4 அடி போதும். இடம் இருந்தால் இரண்டு மூன்று மரமாக வையுங்கள். தேனீக்கள் மரத்துக்கு மரம் போய்வரும்போது காய்ப்பு மேலும் சிறக்கும்.

9. முதல் இரண்டு வருடம்

மழை இல்லாத காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை வாளி. தினமும் ஒரு கோப்பை ஊற்றுவதைவிட இதுதான் சரி. ஆழமாக நனைந்தால் வேர் ஆழமாகப் போகும். பீலித் தண்ணீரும் (மலை ஊற்றிலிருந்து வருவது) மழைத் தண்ணீரும் நல்லது. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தாங்கியின் தண்ணீரில் சில மாதங்களுக்குச் சுண்ணாம்பு கசிந்துகொண்டிருக்கும், அதைத் தவிருங்கள். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு கடும் வறட்சி தவிர வேறு எப்போதும் தண்ணீர் தேவைப்படாது.

மானாப்புல்லைப் பூப்பதற்கு முன் வெட்டி, இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் மூடாக்குப் போடுங்கள். பைன் இலை கிடைத்தால் அதுவும் நல்லது. தண்டைச் சுற்றி நான்கு அங்குலம் வெற்றிடம் விடுங்கள், ஒட்டிப்போட்டால் ஈரத்தில் பட்டை அழுகும்.

நுவரெலியா, கந்தப்பளை பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் நிலத்தில் உறைபனி விழும். வளர்ந்த மரம் தாங்கும், முதல் வருடக் கன்று தாங்காது. தெளிந்த வானமும் காற்றில்லாத மாலையும் என்றால் அன்றிரவு பனி விழலாம். மூன்று குச்சி நட்டு, அதன் மேல் சாக்கு போடுங்கள், சாக்கு இலையில் படக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஹப்புத்தளைக் காற்றுக்குக் கன்றின் பக்கத்தில் குச்சி நட்டு, தண்டின் கீழ்ப்பாதியில் தளர்வாகக் கட்டுங்கள். உச்சியில் இறுக்கிக் கட்டினால் தண்டு தடிக்காது. ஆடும் தண்டுதான் தடிக்கும்.

ஆடு மாடு வரும் இடமென்றால் கூடு கட்டாமல் விடாதீர்கள்.

உரம் பற்றி ஒரே வார்த்தை: குறைவு. வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்காலத் தொடக்கத்தில், இரண்டு கைப்பிடி இலைமண் மூடாக்கின் கீழே போடுங்கள். தேயிலைக்குப் போடும் உரக்கலவையைக் கொண்டுவந்து கொட்டினால் இலை பெருக்கும், பூ குறையும்.

10. புதரை மரமாக்குதல்

தானாக விட்டால் இது அடியிலிருந்தே பல தண்டு விடும். வேலிக்கு அது நல்லது. ஒற்றைத் தண்டு மரம் வேண்டுமானால் இரண்டாம் வருடத்தில் தொடங்குங்கள்.

நேராகவும் தடிப்பாகவும் உள்ள ஒரு தண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. இரண்டு மூன்று தடவையாக, இரண்டு மாத இடைவெளியில் வெட்டுங்கள். இலை குறைந்தால் வேருக்குச் சாப்பாடு குறையும். பிறகு வருடா வருடம் கீழ்க்கிளைகளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

தேயிலைக் கவ்வாத்து பழகிய கைகளுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. மட்டமாகச் சீவுவது இந்த மரத்துக்கு ஆகாது. பூ வருவது இளங்கிளைகளின் இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் மூலையில். எல்லா நுனியையும் சீவினால் அந்தப் பருவத்துப் பூ முழுவதும் போய்விடும். பழம் முடிந்த உடனே, காய்ந்த கிளை, உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். மரம் கிழடாகி உள்ளே வெறுமையானால் மட்டும் அடியிலிருந்து ஓரடி விட்டு வெட்டலாம். புல்வெளித் தீயில் எரிந்தும் மீண்டும் துளிர்க்கும் மரம் இது, அதனால் அந்த வெட்டைத் தாங்கும்.

11. இலை சொல்லும் செய்திகள்

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்புத் தொல்லை. யூரியா போடாதீர்கள், அதனால் தீராது. யார் சாம்பல் கொட்டுகிறார்கள் என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். மேல்மண்ணை மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புளிப்பு மண் போட்டு, ஒரு தேக்கரண்டி அமோனியம் சல்பேட்டை ஒரு வாளி தண்ணீரில் கரைத்து மாதம் ஒரு தடவை, மூன்று மாதம் ஊற்றுங்கள்.

முதிர்ந்த இலை மஞ்சளாகி உதிர்ந்து, மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்தி, மேல்பக்கம் சிறு கான் வெட்டி நீரைத் திருப்புங்கள்.

இலைமேல் கரிபோலப் படிந்து, தண்டில் எறும்பு ஏறினால் செதில்பூச்சியோ மாப்பூச்சியோ இருக்கிறது. கரி தானாக வருவதில்லை, பூச்சி கழிக்கும் தேன்பாகில் வளர்வது அது. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, எறும்பு ஏறும் வழியை அடைத்தால் போதும். பூச்சிமருந்து அடித்தால் பூவுக்கு வரும் தேனீயும் சாகும், அந்த வருடம் காயும் இருக்காது.

நன்றாக வளர்ந்தும் மூன்று நான்கு வருடமாகப் பூக்கவில்லையா? நிழல், அதிக எரு, தவறான நேரத்துக் கவ்வாத்து. இந்த மூன்றில் ஒன்றுதான்.

12. பழமும் அடுத்த தலைமுறையும்

விதையிலிருந்து வந்த மரம் மூன்றாம் அல்லது நான்காம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். எல்லாம் ஒன்றாகப் பழுக்காது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்துப் பறியுங்கள். காய் வாயைக் கட்டும் துவர்ப்பு, பழம் இனிப்பு. கிரீடத்தைக் கிள்ளிவிட்டு அப்படியே சாப்பிடலாம். மிஞ்சினால் ஜாம் காய்ச்சலாம். ஊதாக் கறை துணியில் பட்டால் லேசில் போகாது, பாடசாலைச் சீருடையோடு பிள்ளைகளை மரத்தடிக்கு விடாதீர்கள்.

மரத்தை முழுதாக வலை போட்டு மூடுவதை நான் விரும்புவதில்லை. உங்களுக்குத் தேவையான இரண்டு கிளைக்கு மட்டும் மெல்லிய துணிப்பை கட்டுங்கள், மற்றது பறவைக்கு. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி நம் மலைகளில் மட்டுமே வாழ்வது. அதற்கு இருந்த பழமரக் காடுகள் எவ்வளவோ குறைந்துவிட்டன.

பறவை எச்சத்தில் விழுந்த விதை மரத்தடியிலும் வேலியோரத்திலும் முளைக்கும். இரண்டு சோடி இலை பருவத்தில் கிளப்பிப் பைக்கு மாற்றிவிடுங்கள், பெரிதானால் ஆணிவேர் அறும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது நாற்றோடு ஒரு வாளி புளிப்பு மண்ணும் கொடுத்து, சாம்பல் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் விதை கேட்டால் அனுப்பாதீர்கள். புளோரிடாவிலும் ஹவாயிலும் இதே மரம் கட்டுக்கடங்காமல் பரவி அங்குள்ள நாட்டுச் செடிகளை நெருக்குகிறது.